வெட்டாமல் விட்ட காய்

கட்டையை உருட்டுவதற்கு முன்னால் ஞானசுந்தரி எதிராளியின் முகத்தை ஒருதரம் பார்ப்பாள். கட்டத்தைப் பார்க்க மாட்டாள், அது அவளுக்கு மனப்பாடம். "மூணு உயுந்தா நீ காலி" என்று அறிவித்துவிட்டுத்தான் உருட்டுவாள். விழாவிட்டால் அந்தப் பித்தளைத் தாயக்கட்டைகளைப் பெற்ற பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுவாள். விழுந்துவிட்டாலோ, சமுதாயக் கூடத்து வராண்டாவே அதிரும். எதிராளியின் காயைக் கையால் எடுத்து ஓரமாக வைக்கிற மரியாதையெல்லாம் கிடையாது. தன் காயால் ஒரே இடி. அது உருண்டு வாசல் மண்ணில் விழும். போய்ப் பொறுக்கி வருவது வெட்டுப்பட்டவளின் பாடு.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய காலனி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து கறிக்குழம்புச் சட்டியும் காலியானால் நாலு பெண்கள் இங்கே கூடிவிடுவார்கள். ஞானசுந்தரி, அவள் ஓரகத்தி ஷாரோன், எதிர்வீட்டு திவ்யா, அப்புறம் சோபியா. நாலு பேரும் ஒரே நடவுக் கோஷ்டி. வாரமெல்லாம் சேற்றில் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தவர்கள், ஞாயிறு வந்தால் ஒருத்தியை ஒருத்தி வெட்டிக்கொள்ள வருகிறார்கள். சிமெண்டுத் தரையில் கட்டத்தை ஆணியால் கீறி வைத்திருக்கிறாள் ஞானசுந்தரி. சாக்பீசில் போட்டால் தோற்கப்போகிறவள் காலால் அழித்துவிடுகிறாளாம்!

தாயம் தெரியாதவர்கள் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். வெளிச்சுற்றில் நடக்கிற காய், இன்னொருத்தியின் காய் நிற்கும் கட்டத்தில் போய் இறங்கினால் அது வெட்டு. வெட்டுப்பட்ட காய் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். வெட்டியவளுக்கு இன்னொரு உருட்டு கிடைக்கும். ஒருத்தியையாவது வெட்டாதவளின் காய் உள்சுற்றில் நுழையவே முடியாது. உள்ளே நுழைந்து நடுக்கட்டத்தைச் சேர்ந்தால்தான் பழம். யார் மனசும் நோகாமல் பழம் எடுக்கிற சமாசாரமே இந்த ஆட்டத்தில் இல்லை, அதனாலேயே ஞானசுந்தரிக்கு இது உயிர்.

புதிதாக வந்த ஃபாதர் ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, இது சூதாட்டம் இல்லையா அம்மா என்று கேட்டார். "துட்டு வெச்சி ஆடுனாத்தான் ஃபாதர் சூது. நாங்க மானத்த வெச்சி ஆட்றோம்" என்றாள் ஞானசுந்தரி. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

மகள் நிஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவிடம் தோற்றுத் தோற்று அழுவாள். கணவன் அருள்தாஸ் பொறுக்காமல், "கொயந்தடி, ஒரு ஆட்டம் உட்டுக் குடேன்" என்பான்.

"நான் உட்டுக்குடுத்து அவ கெலிச்சா அது அவ கெலிப்பா, என் கெலிப்பா? போய் வேலயப் பாரு."

அந்த நிஷா கடைசியில் நிஜமாகவே ஜெயித்த நாளில் தெருக்கோடி வரை கத்திக்கொண்டு ஓடினாள். ஞானசுந்தரி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மகளைப் பார்த்துப் பெருமைப்பட்டாள் என்றெல்லாம் எழுத ஆசைதான், ஆனால் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள் என்பதுதான் உண்மை.

இதை வைத்து அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. போன நடவில் சோபியாவுக்குக் காய்ச்சல் கண்டபோது அவள் பங்கையும் சேர்த்து நட்டவள் இவள். "வேலையில கை குடுப்பேன். ஆட்டத்துல மட்டும் கேக்காத" என்பது அவள் கணக்கு. இருவரும் ஒரே வருஷத்தில் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். சோபியாவுக்குத் தாய்வீடு மாகறல். அவள் சிரித்தால் நாலு கழனி தாண்டிக் கேட்கும்.

அந்தச் சிரிப்பு இந்த வருஷம் நின்றுபோயிற்று. அவள் புருஷன் பெஞ்சமின் ஒரகடத்துப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். ஞானசுந்தரி பஸ் மாறிப் போய் அவன் வாசலில் நின்று தெருவே கூடும்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தாள். அவன் வரவில்லை. காலனி சோபியாவுக்குப் 'பாவம்' என்று பெயர் வைத்துவிட்டது. அவளைக் கண்டால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். தாயத்திலும் அதே கதைதான். ஷாரோன் வெட்டுக் கிடைத்தாலும் சோபியாவின் காயை விட்டுவிட்டு வேறு காயை நகர்த்துவாள். திவ்யா தன் காயை வெட்டுக்கு வாகாகக் கொண்டுபோய் நிறுத்துவாள். வாராவாரம் சோபியாவுக்கே பழம். வாராவாரம் அவள் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

ஞானசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிறு, உள்ளே நுழைய ஒரே கட்டம் பாக்கியாக நின்ற சோபியாவின் கடைசிக் காயை வெட்டித் தள்ளினாள்.

"உனுக்கு மனசே இல்லியாக்கா? அவளே நொந்து போய் கீறா" என்று ஷாரோன் எகிறினாள்.

"அவ புருசன் ஓடிப் பூட்டான். அவ கையுங் கூடவே ஓடிப் பூட்ச்சா? உசுரோட பொதைச்சிக்கினு கீறீங்கடி அவள!"

சோபியா எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வயலில் அவள் ஞானசுந்தரியின் பக்கத்தில் நிற்கவில்லை, வரிசையின் மறுகோடிக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. மன்னிப்புக் கேட்டுவிடு என்று அருள்தாஸ் சொன்னான். "தப்பு பண்ணாத்தான் மன்னிப்பு. நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று சீறினாள். சீறினாளே தவிர, அவளுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. சோபியா ஒரேயடியாகப் போய்விடுவாளோ என்று பயந்தாள். தனக்கு இருந்த சினேகிதி அவள் ஒருத்திதான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போய்க் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோபியா வந்தாள். யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து, "போடு" என்றாள்.

அன்றைக்கு ஷாரோனும் திவ்யாவும் வழக்கம்போலக் காய்களை அவள் முன்னால் நீட்டி வைத்தார்கள். சோபியா தொடவில்லை. "உம் பிச்ச எனுக்கு வேணாம், எடுத்துக்கினு போ" என்று தாண்டிப் போனாள். ஒரு வெட்டுகூட இல்லாமல் அவள் காய்கள் வெளிச்சுற்றிலேயே நின்றன. ஞானசுந்தரிக்கோ ஒரு காயைத் தவிர எல்லாம் பழம். அந்த ஒன்றும் உள்வாசலில், வெளிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில், நிற்கிறது.

சோபியா உருட்டினாள். மூன்று விழுந்தது.

அவளுடைய முன்காயிலிருந்து மூன்றாவது கட்டத்தில் நிற்பது ஞானசுந்தரியின் அந்தக் கடைசிக் காய். யாரும் நீட்டி வைத்த காய் அல்ல அது, சோபியாவின் கை உருட்டி எடுத்த வெட்டு. இதை வெட்டினால் அவள் உள்ளே போகலாம். சோபியா தன் முன்காயின் மேல் விரலை வைத்தாள். பிறகு விரலை எடுத்து, பின்னால் கிடந்த வேறொரு காயை மூன்று கட்டம் நகர்த்தினாள்.

"நான் உன்ன மாரி இல்லக்கா" என்று நிமிர்ந்து பார்த்தாள். "எனுக்கு மனசு கீது."

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது ஞானசுந்தரிக்கு. இத்தனை வருஷத்தில் அவள் காயை யாரும் போனால் போகிறது என்று விட்டதில்லை. அடுத்த உருட்டில் ஒரு தாயம், அதாவது ஒன்று, விழுந்தாலும் உள்ளே போய்விடலாம், அங்கே யாரும் வெட்ட முடியாது, ஆட்டம் அவளுடையது.

"அடிப் பாவி, எனுக்கே பிச்ச போட்றியா நீ?" என்றாள். "உயுந்தது மூணு. உங்கையில உயுந்த மூணுடி அது."

சோபியா நகர்த்திய காயை ஞானசுந்தரி பிடித்துப் பழைய இடத்தில் வைத்தாள். அவளுடைய முன்காயை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையில் தட்டித் தட்டிக் கொண்டுவந்து உள்வாசலில் நிறுத்தினாள். தன் காயை வழித்து மடியில் போட்டுக்கொண்டு, இன்னொரு உருட்டுக்காகக் கட்டைகளைச் சோபியாவின் பக்கம் தள்ளினாள்.