முகூர்த்தத்துக்கு ஆகாத கார்

“…ஆஸ்பத்திரிக்குப் போவதுக்குக் கொள்ளாம், தம்பி. ஆனா முகூர்த்தத்துக்கு அது ஆவாது. எங்க மாப்பிள்ளை நடந்தே வருவான். நடந்தா காலு தேஞ்சா போவும்?”

கொட்டும் மழையில், குளத்தங்கரைப் பாதையில் நின்றுகொண்டு எங்கள் அண்ணனிடம் இப்படிச் சொன்னவர் என் கணவரின் தாய்மாமா. அன்றைக்கு எனக்குக் கல்யாணம். அவர் ஆகாது என்று தள்ளியது அண்ணனுடைய காரை. இதைச் சொன்ன பிறகு மாமா என்ன செய்தார் என்பதையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அண்ணனைப் பற்றியும் அந்தக் காரைப் பற்றியும் சொல்லாமல் அதைச் சொன்னால் வெறும் சிரிப்புக் கதையாகிவிடும். சிரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

அண்ணன் மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களும் நண்பர்களும் அவரைத் தங்கமான மனுஷர் என்று சொல்வீர்கள். சந்தேகமில்லை. அந்தக் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வீர்களா? உயிரோடு இருந்தவரை அவர் உங்களிடம் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான். அது மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அண்ணன் பிறந்தது கொட்டாரத்தில். மீசை அரும்புவதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் நானும் அவர் பொறுப்பானோம். வயலில் இறங்க எங்களுக்கென்று வயல் இல்லை. அதனால் மலையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். லாரி துடைத்தார், பிறகு லாரி ஓட்டினார், கடைசியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரையே ஓட்டும் டிரைவர் ஆனார். எப்போது வீட்டுக்கு வந்தாலும் எனக்கு ஒரு பொட்டலம் பலகாரமும், அங்கே யார் யார் என்ன பேசினார்கள் என்ற கதையும் கொண்டுவருவார். மனிதர்கள் பேசுவதைச் சேர்த்து வைக்கிற இந்தப் பழக்கம் எனக்கு அவரிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

அந்தத் துரை, யுத்தத்துக்கு முன்னால், தன் மனைவி ஓட்டுவதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு சின்னக் காரை வரவழைத்திருந்தார். ஜப்பானில் செய்தது. யுத்தம் வந்தது, ஜப்பான் எதிரி ஆனது. எதிரி செய்த காரில் சவாரி போக துரைக்குக் கூச்சம். கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார். சாவி அண்ணனிடம் இருந்தது. யுத்தம் முடியும்வரை அவ்வப்போது திறந்து, தூசி தட்டி, எண்ணெய் விட்டு, காரைப் பிழைக்க வைத்தவர் அவர்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. “அது என்ன செய்யும் பாவம்? அதுக்குக் குண்டு போடத் தெரியுமா?” என்பார்.

சுதந்திரம் வந்த வருஷம் துரை சீமைக்குக் கிளம்பினார். அவருடைய பெரிய காருக்கும், மேசை நாற்காலிகளுக்கும், சுவர்க் கடிகாரத்துக்கும் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். சின்னக் காரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதுவரை சேர்த்ததைக் கொடுத்து அண்ணன் வாங்கிக்கொண்டார். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பது என்று முடிவு.

கொட்டாரம் முக்கில் அந்தக் கார் வந்து நின்ற அன்று நம் ஊரார் பேசிய பேச்சு இருக்கிறதே! அப்போது கடைகளில் ஜப்பான் என்றால் தகரப் பொம்மை. சாவி கொடுத்தால் ஓடும், நாலு நாளில் உடையும்.

“ஏலே, இதுக்குச் சாவி குடுக்கணுமா?” என்றார் ஒருவர்.

“மழை பெய்தா சாயம் போவுமா மக்கா?” என்றார் இன்னொருவர்.

“இத ஓட்டிக்கிட்டா வந்த? சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே!” இது டீக்கடைக்காரர்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். “ஏறிப் பாரும்.”

அன்று யாரும் ஏறவில்லை. அண்ணனுக்கு ஊரில் “ஜப்பான்” என்று பட்டப்பெயர் மட்டும் நிலைத்தது.

காரோடு வந்த புத்தகத்தைத் தோட்டத்துக் கிளார்க்கு படித்துச் சொன்ன கதை ஒன்றை அண்ணன் மனப்பாடமாக வைத்திருந்தார். அந்தக் கார் கம்பெனிக்கு முதலில் பணம் போட்டவர்கள் மூன்று பேராம். மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துக் காருக்குப் பெயர் வைத்தார்களாம். பிறகு அதைவிடச் சின்னதாக ஒரு கார் செய்தபோது, இது அந்தக் காரின் மகன் என்று இங்கிலீஷில் பெயர் சூட்டினார்களாம். ஆனால் மகன் என்பதற்கான அந்த இங்கிலீஷ் வார்த்தையின் சத்தம் ஜப்பான் பாஷையில் நஷ்டம் என்று கேட்குமாம். உடனே மாற்றி, சூரியன் என்று வரும்படி வைத்துவிட்டார்களாம். சவாரி வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணன் இதைச் சொல்லிப் பார்ப்பார். பாதியில் இறங்குமிடம் வந்துவிடும். முழுசாகக் கேட்ட புதுக்கடை வியாபாரி ஒருவர், “செஞ்சவனே நஷ்டம்னு பேரு வச்சிருக்கான், பொறவு என்னவே?” என்று சொல்லி இறங்கிப் போனார். “அதத்தான் மாத்திட்டானே, மாத்திட்டானே!” என்று அண்ணன் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு நின்றாராம்.

அந்தக் கார் வழியில் நின்றதில்லை. முன்னால் கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்று சுற்றினால் போதும், கிளம்பிவிடும். பெட்ரோலைக் குடிக்காது. இனயம் கடற்கரை மணலிலும் போனது, தோட்டத்துக் கல்பாதையிலும் ஏறியது. யுத்தத்துக்குப் பிறகு அதற்கு உதிரிச் சாமான் எங்கும் கிடைக்காது. கோட்டாற்றில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த மீரான் சாயிபு வேறு சின்னக் கார்களின் டயரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார். கொடுக்கும்போது, “என்ன ஜப்பான், அது சாவவும் மாட்டேங்குது, எனக்கு யாவாரமும் தரமாட்டேங்குது!” என்று திட்டுவார். அண்ணனுக்கு அந்தத் திட்டு பாயசம் மாதிரி. ஏனென்றால் ஊரிலேயே அந்தக் காரின் அருமை தெரிந்து திட்டியவர் அவர் ஒருவர்தான்.

இப்படி நிற்காத கார் என்பது மெல்ல மெல்ல ஊருக்கும் தெரிந்தது. தெரிந்ததும்தான் வினை வந்தது. பாம்பு கடித்தவர், மரத்திலிருந்து விழுந்தவர், பிரசவத்தில் தவிக்கிறவள், யாராக இருந்தாலும் “ஜப்பானக் கூப்பிடு” என்று ஓடிவந்தார்கள். ஆபத்துக்குப் போகிற கார் வழியில் நிற்கக்கூடாது அல்லவா? அண்ணனும் சோற்றுத் தட்டிலேயே கை கழுவிவிட்டு ஓடுவார். பிழைத்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிழைக்காதவர்களையும் அவர்தான் கொண்டுவந்தார். பிழைத்தால், “சாமி புண்ணியம்” என்றார்கள். கொஞ்சம் நன்றியுள்ளவர்கள், “ஓட்டுகவன் கைராசி” என்றார்கள். கார் நன்றாக ஓடியது என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. அதோடு, அது நோயும் சாவும் ஏறுகிற கார் என்ற பெயர் பரவிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, மறுவீடு எதற்கும் அதைக் கூப்பிட மாட்டார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நாகர்கோவிலிலிருந்து கப்பல் மாதிரிப் பெரிய கார் வரும். அதற்கு வழி விட்டு அண்ணன் ஓரத்தில் ஒதுங்கி நிற்பார்.

என் சம்பந்தமே அந்தக் காரால்தான் வந்தது. குளத்தங்கரையில் பேசிய அந்த மாமா தாழக்குடிக்காரர். தம் மகளைக் கொட்டாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்குத் தலைப்பிரசவம். ஐப்பசி மழை, ரோட்டில் முழங்கால் தண்ணீர். பெரிய கார்காரர்கள் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். அண்ணன் அந்தத் தண்ணீருக்குள் மெதுவாகக் காரை விட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயும் பிள்ளையும் நலம். மாமா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னப்போல ஒரு பிள்ளைய நான் பாத்ததில்ல மக்கா. உனக்குத் தங்கச்சி உண்டுமா?” என்று கேட்டார். தம் அக்காள் மகனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார்.

பெண் வீட்டார் வண்டி அனுப்பி, பெண்ணின் உடன்பிறந்தவர் போய் மாப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்துவருவது நம் வழக்கம். அண்ணன் அந்த நாளுக்காகக் காருக்குப் புதுச் சாயம் அடித்தார். தம் காரில் மாப்பிள்ளையை ஏற்றி, கொட்டாரம் முக்கு வழியாக, அந்த டீக்கடைக்கு முன்னால் ஓட்டிவர வேண்டும். கேட்டதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் நாள் குறித்த அன்றே மாமா சொல்லிவிட்டார்: “பெரிய கார் பிடிக்கணும், கேட்டியா. உனக்க வண்டி வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து அண்ணன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, நம்ம காருல அப்பிடி என்ன குறை?” என்று கேட்டேன்.

“ஒரு குறையும் இல்லட்டி. அதான் சங்கடம். குறை இருந்தா சரிபண்ணிருப்பேம்லா?” என்றார்.

பெரிய காரைப் பேசிவிட்டு வந்தார். ஆனாலும் கல்யாணத்தன்று தம் காருக்கும் பூச்சரம் கட்டினார். பின்சீட்டில் சலவை வேட்டி ஒன்றை விரித்தார். “பின்னால சும்மா வருகேன். ஒரு துணைக்கு” என்றார்.

என் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனுக்கும் மனைவி, பிள்ளைகள் என்று ஆனது; பிழைப்பு மட்டும் அப்படியே நடந்தது. போன வருஷம் புரட்டாசியில் மஞ்சள்காமாலை கண்டது. படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உறவினர்கள் பெரிய கார் பேச ஓடினார்கள். மரியாதைக்காம்! மீரான் சாயிபு வந்து அண்ணனின் காரை எடுத்தார். பின்சீட்டில் படுத்திருந்த அண்ணன் கண்ணை மூடியபடியே, “சத்தத்தக் கேளும் சாயிபு. ஒரு இருமல் உண்டா பாரும்” என்றார். அவர் வாயால் நாங்கள் கேட்ட கடைசிப் பெருமை அது. சில நாளில் அதே காரில் திரும்பி வந்தார், பேச்சும் மூச்சும் இல்லாமல்.

துக்கம் கேட்க வந்த ஒருவர் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, “நல்ல மனுசன். அந்தச் சவத்து வண்டிய வாங்கினதுனாலதான் இப்பிடி ஆச்சு” என்றார். அவர் பெயரை நான் எழுதவில்லை. அவருடைய மகன் பாம்புக்கடியில் பிழைத்தது எந்தக் காரில் போய் என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

நம் தாலுகாக்கள் தமிழ் ராஜ்யத்தோடு சேர்ந்த நாளில் ஊரெல்லாம் கொடியும் வெடியுமாக இருந்தது. அண்ணன் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அன்றைய ஊர்வலத்திலும் ஒரு பெரிய கார்தான் முன்னால் போனது.

அண்ணன் கிடந்த நாட்களில் இரவு பகல் பாராமல் கவனித்த வைத்தியருக்கும் நர்சுகளுக்கும், மதினிக்கும் பிள்ளைகளுக்கும் துணையாக நின்ற அண்டைவீட்டாருக்கும், மாற்று டிரைவர் இல்லாத குறை தெரியாமல் செய்த மீரான் சாயிபுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இப்போதும் சாயிபு அவ்வப்போது வந்து காரைக் கிளப்பிப் பார்த்துவிட்டுப் போகிறார். பழைய இரும்புக்குக் கேட்டு வந்தவர்களை மதினி வாசலோடு அனுப்பிவிட்டார். தாழக்குடி மாமாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அண்ணனுக்கு இளநீர்க் குலை அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

குளத்தங்கரையில் மழையில் நிற்பவர்களை நான் மறந்துவிடவில்லை. நாகர்கோவில் பெரிய கார் கல்யாண வீட்டுக்கு அரை மைல் தூரத்தில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் மூடியைத் திறந்தார், மூடினார், உதட்டைப் பிதுக்கினார். பின்னாலேயே அண்ணனின் கார். “மாமா, இதுல ஏறச் சொல்லுங்க. முகூர்த்தம் தப்பீரும்” என்று அண்ணன் கெஞ்சினார். அதற்குத்தான் மாமா அந்தப் பதிலைச் சொன்னார். என் கணவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன என்று இன்றும் கேட்கிறேன். “மாமா முன்னால எப்பிடிட்டி பேச?” என்கிறார். அன்று பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார்.

சரி, கார் போனால் போகட்டும், வழக்கமாவது மிஞ்சட்டும் என்று, அண்ணன் மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க இரண்டு எட்டு வைத்தார். அப்போது மாமா கூப்பிட்டார்.

“தம்பி, நீ எங்க போற? எனக்குக் காலுல வாதம் உண்டும்லா? மழையில நடக்கப்படாதுன்னு வைத்தியர் சொல்லிருக்காரு.”

“வண்டி ஆவாதுன்னேளே மாமா?”

“மாப்பிள்ளைக்குத்தானே ஆவாது? நான் என்ன மாப்பிள்ளையா?”

குடையை உதறி மடக்கினார். பூச்சரத்தை ஒதுக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து, விரித்திருந்த சலவை வேட்டியின் நட்டநடுவில் உட்கார்ந்து, வாதக் காலை வசதியாக நீட்டிக்கொண்டார்.

“ம், எடு மக்கா. மாப்பிள்ளையத் தாண்டும்போது மட்டும் பைய விடு. சேறு தெறிச்சிரப்படாது” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.