மரைக்கு எங்கே காயம்?

டென்மார்க்கில், பிராண்டேயில் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டு, மகள் "சோர்பார்" என்று ஆசிரியை சொன்னார். டேனிஷில் 'சோர்' என்றால் காயம். தொழிற்சாலையில் கை வெட்டுப்பட்டபோது பழகிய சொல். வீட்டில் பிள்ளையின் கைகால்களைப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. தாய் இறந்தபின் அவள் அதிகம் கதைப்பதில்லை. நானும் மேலே கேட்காமல் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு மிருகக்காட்சிச்சாலைக்குப் போனோம். வேலிக்குள் ஒரு மரை நின்றது. எங்கள் இலங்கைக் காட்டுப் பெரிய மான். பலகையில் ஆசிரியை சொன்ன அதே "சோர்பார்" இருந்தது.

"பாவம், எங்க காயம்? காலிலையோ?" என்று குனிந்து தேடினேன்.

மகள் சிரித்துவிட்டாள். "ஐயோ அப்பா! காயமில்லை. காட்டில இதுகள் குறைஞ்சு போச்சாம். கவனமாப் பாக்காட்டி அழிஞ்சிடும். அதுதான் சோர்பார்."

"அப்ப, டீச்சர் உன்னைச் சொன்னதும் இதுதானோ?"

சிரிப்பு நின்றது. "ஓம் அப்பா" என்றாள்.

என் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினேன்.

"எனக்குக் குளிரேல்லை" என்றாள். ஆனாலும் கழற்றவில்லை.

காயம் தெரிந்தால்தான் மருந்து என்று இருந்தவன் நான். இப்போது வேலையால் வந்ததும், சப்பாத்தைக் கழற்றுமுன் அவளோடு கொஞ்சம் கதைக்கிறேன்.