பைண்டிங் சார் காது கொடுத்த கை

பக்கம் புரளும் சத்தம் கேட்டதும் பைண்டிங் சார் துளைபோடும் மெஷினின் கைப்பிடியை விட்டுவிடுவார். தலை சற்றுக் குனியும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, மின்கட்டண ரசீதைப் படிக்கிற அதே குரலில், வித்தை காட்டும் கலையைப் பற்றி என்றைக்கோ யாரோ எழுதிய புத்தகத்தை வாசிப்பார். நடுவில் யாராவது வந்து "அக்கா, இதுல ரெண்டு காப்பி" என்றால் அத்தியாயம் அப்படியே நிற்கும். ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் ஓடி முடிந்து, சில்லறை கைமாறிய பிறகுதான் மேற்கொண்டு.

அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய புத்தகங்களில் வித்தையின் ரகசியம் ஒன்றுகூட இல்லை. மனைவிக்கு அதுதான் எரிச்சல். சீட்டை எங்கே ஒளிப்பது என்று சொல்லாமல், மனிதன் ஏன் நம்புகிறான், கவனம் எந்த இடத்தில் தளர்கிறது என்று பக்கம் பக்கமாகப் போகும்.

"சமையல் புத்தகம்னு வாங்கினா, பசியைப் பத்தி எழுதி வெச்சிருக்கான்."

"பசி தெரியாதவன் என்னத்தைச் சமைப்பான்? நீ படிம்மா."

பைண்டிங் சார், கண் தெரிந்த காலத்தில் கடை நேரம் போக, பிறந்தநாள் வீடுகளிலும் அலுவலக விழாக்களிலும் வித்தை காட்டியவர். மேடை நிறையப் பெட்டியும் புறாவும் வைத்துக்கொண்டதில்லை; ஒற்றை நாணயம் போதும். பிறகு கண் அழுத்த நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தீர்த்தது. விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது: வித்தைக்காரன் பார்க்கும் இடத்தைத்தான் சபை பார்க்கும், வெறுங்கையை அவன் கண் நம்பினால் சபையும் நம்பும். அதை மனைவி சத்தமில்லாமல் தாண்டிவிடப் பார்த்தார்.

"ரெண்டு தாள் சேர்ந்து புரண்ட மாதிரி இருக்கே?" என்றார் அவர்.

வாழ்நாளெல்லாம் தாள் அடுக்கியவரிடம் அந்தப் பருப்பு வேகுமா? மனைவி வாசித்தார். பைண்டிங் சார் மெஷினின் கைப்பிடியைப் பிடித்து, துளை போட்ட தாளிலேயே மறுபடியும் துளை போட்டார்.

செருப்புக் கடை மாடியில் கூடும் வித்தைக்காரர் சங்கத்துக்குச் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஆண்டுக் கூட்டத்துக்கு அழைக்க அவரே கடைக்கு வந்தார். "அண்ணே, நீங்க வந்து முன்வரிசையில உக்காந்தாலே எங்களுக்குப் பெருமை."

"நான் என்ன பூந்தொட்டியா, கொண்டுபோய் வெச்சு அழகு பார்க்க? எனக்கு மேடையில ஒரு அஞ்சு நிமிஷம் குடு."

டாக்டர் கல்லாவில் இருந்த ஜெராக்ஸ் அக்காவைப் பார்த்தார். அக்கா ஸ்டேப்ளரைப் பார்த்தார். "தாராளமாண்ணே," என்றார் டாக்டர் கடைசியில். "எப்படிச் செஞ்சாலும் எல்லாரும் கைதட்டுவாங்க."

அவர் படியிறங்கிப் போனதும் பைண்டிங் சார் சொன்னார்: "கேட்டியா? அந்தக் கைதட்டல்தான் எனக்குப் பயம். பாவம்னு ஒரு தட்டு விழுந்துச்சுன்னா போதும், அப்புறம் நாணயத்தைத் தொடமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். சிகரெட்டை அப்படித்தான் ஒரே நாளில் விட்டார்.

வழி கிடைத்தது புத்தகத்தில் அல்ல. கடையில் கூட்டமும் கூச்சலுமாக இருந்த ஒரு காலையில் ஜெராக்ஸ் மெஷினுக்குள் ஏதோ கிறீச்சிட்டது. அவர் வேலையை நிறுத்தி, அந்தப் பக்கமாகக் காதைச் சாய்த்தார். கூச்சல் சட்டென்று அடங்கியது.

"என்னம்மா, எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்களா?"

"இங்கேதான் நிக்கிறாங்க. நீங்க காதைச் சாய்ச்சீங்க, எல்லாரும் மெஷினையே பார்க்கிறாங்க."

"எல்லாருமா?"

"நானும்தான்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாகப் பரவியது. "அந்த அத்தியாயத்தை எடு. இந்த ஆளு பாதிதான் சொல்லியிருக்கான். கண்ணு போற இடத்துக்கு யாரும் போறதில்லம்மா. அக்கறை போற இடத்துக்குப் போறாங்க."

அன்றிலிருந்து பயிற்சி. நாணயம் இடது கையிலேயே தங்கிவிடும். வலது கை அதை வாங்கிக்கொண்டதுபோல் மூடும். அவர் காது வலது முஷ்டிக்குச் சாயும். கண்ணாடி முன் பழகச் சொல்லியிருந்தது புத்தகம். "என் கண்ணாடி வாயும் பேசும்" என்பார் அவர், மனைவி பக்கம் கைகாட்டி. பேசத்தான் செய்தது: "இடது கை விறைக்குது. திருடின கை மாதிரி இருக்கு." நன்றாக வந்த நாட்களில், "பரவாயில்ல." அதற்குமேல் அந்த வாயிலிருந்து பாராட்டு வந்ததாக வரலாறு இல்லை.

கூட்டத்துக்குப் படியேறும்போது அவர் மனைவியிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தார். "யார் எங்கே பார்த்தாலும் நீ மட்டும் என் இடது கையை விட்டுக் கண்ணை எடுக்காதே. விறைச்சுதான்னு எனக்கு உண்மை தெரியணும்."

மேடையில் நாணயத்தை ஒருமுறை சுண்டினார். அது கைமாறியது. வலது முஷ்டி மேலெழுந்து நின்றது; அவர் அதன் பக்கமாகத் தலையைச் சாய்த்தார். பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையின் மூச்சைக் கவனிப்பவர்போல அப்படியே நின்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டன; மனிதர்கள் முன்னால் சாய்ந்தார்கள். அத்தனை பேரும் அதே தொழில் தெரிந்தவர்கள். பல் டாக்டர் கழுத்தை வளைத்து, இல்லாத நாணயத்தின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

முஷ்டி விரல் விரலாகத் திறந்தது. ஒன்றுமில்லை.

யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டும் என்ற நினைவே அங்கே யாருக்கும் வரவில்லை. டாக்டர்தான், "அட!" என்றார், மூச்சுக்குள்ளேயே. அதன்பிறகு எழுந்த சத்தத்தில் ஜன்னல்கள் அதிர்ந்தன.

நாற்காலி முதுகுகளைத் தொட்டுத் தொட்டு வந்து அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது.

"இடது கை எப்படி இருந்துச்சு? விறைச்சுதா?"

மனைவியின் கண் இன்னும் வலது முஷ்டியிலேயே இருந்தது. அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே பார்த்தார்.