துணிப்பைப் பாட்டுக்காரர்

லிப்டின் கூரைமேல் ஏறி நின்றதும் முதலில் ஒரு வரி முனகிப் பார்ப்பார். எண்ணெய், திருகாணி, கம்பிவடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பன்னிரண்டு மாடி உயரத்துக்கு இருட்டுக் கூண்டு. அதில் ஒரு வரி மேலே போய்த் திரும்பி வரும்போது தேவையில்லாத சொல் எது என்று தெரிந்துவிடுமாம். "வீட்ல பாடினா எல்லாமே நல்லாயிருக்குற மாதிரி இருக்கும். இங்க பொய் சொல்ல முடியாது" என்பார். சட்டைப் பையிலிருந்து சோதனை அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொள்வார். எந்த மாடியில் என்ன பழுது என்று கேட்டால் சில நேரம் பல்லவியைத்தான் படித்துக் காட்டுவார்.

அறுபத்தொரு வயது. பழுது பார்க்கப் போகும் கட்டடங்களில் லிப்ட்காரர். ரேடியோ கேட்பவர்களுக்குத் துணிப்பைப் பாட்டுக்காரர். இரண்டில் எது உங்கள் தொழில் என்று பேட்டி எடுக்க வந்த பெண் கேட்டபோது, "ரெண்டும் மனுஷனைக் கொஞ்சம் மேல ஏத்தி, பத்திரமா இறக்கி விடுற வேலைதாம்மா" என்றார்.

அப்பா கல்குவாரியில் சம்மட்டி அடித்தவர். ஓங்கும்போது ஒரு சொல், இறக்கும்போது ஒரு சொல் என்று அவர் பாடிய மெட்டுகளைத்தான் அண்ணனும் தம்பியான இவரும் பிடித்துக்கொண்டார்கள். அண்ணனுக்குக் கனத்த குரல், தம்பிக்குச் சொல் கட்டும் திறமை. தொழிலாளர் கூட்டம், பள்ளி ஆண்டுவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஒரே கிதாரோடு போனார்கள். அண்ணன் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து குடும்பஸ்தனான பிறகு தம்பி தனியாகப் பாடினார். ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டு, பாட்டுக்கு இருபது வயலின் சேர்க்கலாம் என்றது. "கல்லு உடைக்கிறவன் பின்னாடி இருபது பேரு வயலினோட நிக்கிறதை நெனச்சுப் பாருங்க சார், அவனே சிரிச்சிருவான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அவரைப் பெயரெடுக்க வைத்த பாட்டு அப்பாவைப் பற்றியது. அப்பா கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்தார். அவர் அங்கே சேர்ந்த செய்தி, ஊர் ஊராகப் பாடப் போயிருந்த தம்பிக்குத் தொலைபேசியில்தான் வந்தது. அண்ணன் கொண்டுபோய் விட்டுவிட்டான் என்ற கோபத்தில், ஒரே மூச்சில் எழுதினார்.

*பையைக் கட்டிக் கொடுத்தியே, அப்பனைப்
படி இறக்கி விட்டியே,
கல்லைத் தூக்கின கையிலே ஒரு
துணிப்பையைத் தந்தியே.*

பாட்டு தீயாய்ப் பரவியது. ரொட்டிக் கடைக்கு வருகிறவர்கள் அண்ணனிடம், "பையைக் கட்டிக் குடுங்க" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்பாவின் சாவில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அதன்பிறகு பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

பிறகு ஒரு மதியம், நூலகத்துக் கூடத்தில் பாடி முடித்துக் கிதாரை உறையில் வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் எதிரே வந்து நின்றார். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"பையை நான் கட்டலடா. அப்பாவே கட்டினாரு. மாடிப்படி ஏற முடியல, உங்க அண்ணி தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சிட்டா, நான் போறேன்னு அவரே சொன்னாரு."

தம்பி கிதார் உறையை இழுத்து மூடினார்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் தினம் குளிப்பாட்டினேன். நீ மூணு தடவை வந்த. அது உன் பாட்டுல எங்கடா இருக்கு?"

சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார். தம்பி வீட்டில் வந்து சொன்னபோது, தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி கேட்டார்: "ஊருக்கெல்லாம் நியாயம் பாடுறீங்க. ஒரு ஃபோன் போட்டு, என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு எழுதியிருக்கலாம்ல?"

அவர் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டார். கூட்டத்தில் எத்தனை பேர் கத்திக் கேட்டாலும், "அதுல ஒரு தப்பு இருக்குங்க, சரி பண்ணிட்டுப் பாடுறேன்" என்பார். லிப்டுக் கூண்டில் நின்று எட்டு மாதம் சரி செய்து பார்த்தார். எழுதியதெல்லாம் மன்னிப்புக் கடிதம் மாதிரி இருந்தது. எதிரொலி ஒவ்வொன்றையும் திருப்பி முகத்தில் எறிந்தது.

கடைசியில் கிதாரைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக் கடையின் பின்வாசலுக்குப் போனார். அண்ணன் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை; போகச் சொல்லவும் இல்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து தம்பி கேட்டார்: "அப்பா குளிக்கும்போது என்ன பண்ணுவாரு?"

அண்ணன் மாவைப் புரட்டிப் பலகையில் தப்பென்று அடித்தார்.

"பாடுவாரு" என்றார் அண்ணன். "தண்ணி ஊத்தும்போது ஒரு சொல்லு, முதுகு தேய்க்கும்போது ஒரு சொல்லு. ஊத்துற வேகத்தை அவருதான் முடிவு பண்ணுவாரு. நான் பிந்தினா திட்டுவாரு."

சொல்லும்போதே அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தம்பிக்குத் தெரியவில்லை. அவருக்கும் கண் மங்கியிருந்தது. அந்த வாரமே, அண்ணனைக் கேட்டுக் கேட்டு, புது அடிகள் பிறந்தன. கடைசி வரியை மட்டும் யாரையும் கேட்காமல் தம்பியே எழுதினார்.

*முதுகு தேய்ச்ச கை உனக்கு, அண்ணே,
மெட்டு கட்டின வாய் எனக்கு.
தண்ணி ஊத்தின நாளெல்லாம் நான்
எந்த மேடையில் நின்னேனோ.*

இப்போது பழைய அடியைப் பாடிவிட்டு, "இது நான் தெரியாம எழுதினது" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டுத்தான் புது அடிக்குப் போகிறார். சிலர் பழைய பாட்டுதான் காரமாக இருந்தது என்கிறார்கள். "காரம் இருந்துச்சுங்க, எங்க அண்ணன் இல்ல" என்பார்.

போன மாதம் அதே நூலகத்துக் கூடம். தம்பியின் வற்புறுத்தலுக்குப் பிறகு அண்ணனும் மேடையேறி, பெஞ்சின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். முப்பது வருடமாக மாவுத்தூசி குடித்த நெஞ்சு. முதல் வரியின் உச்சத்திலேயே குரல் உடைந்து இருமல் வந்தது. முன்வரிசையில் யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அண்ணன் எழப் பார்த்தார்.

தம்பி அவர் பக்கம் திரும்பவில்லை. தந்தி சரியில்லை என்று கூட்டத்திடம் ஏதோ சாக்குச் சொன்னார். குனிந்து, கிதாரின் கழுத்தில் தந்திகளை அழுத்தி ஒலியை ஏற்றி வைத்திருந்த கவ்வியைக் கழற்றி, சுருதியை இரண்டு கட்டை கீழே இறக்கிக்கொண்டு, பெஞ்சில் அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.