ஓசூருக்கு எழுதிய வழிகள்

நெட்வொர்க்கில் எந்தத் தகவல் எந்த வழியில் போகணும் என்று ஒவ்வொரு ரூட்டர் பெட்டியாகப் போய்ச் சொல்லாமல், ஒரே இடத்தில் உட்கார்ந்து புரோகிராமில் எழுதுவதுதான் என் பிழைப்பு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம்.

சோதனைக்கு ஒரு ஊர்

எங்களுக்கு ஒரு ரூட் என்றால் மூன்றே விவரம்: சேர வேண்டிய இடம், அடுத்துக் கைமாற்றும் இடம், ஆகும் செலவு. சோதித்துப் பார்க்க வாய்க்கு வந்த ஊர்ப் பெயரைப் போடுவோம். என் மனைவி கவிதா ஓசூரில் அரசுப் பள்ளி டீச்சர். நான் மதுரையில். நான் போட்ட நாற்பது ரூட்டையும் சரிபார்த்த ஆபீஸ் சீனியர் முத்து அண்ணன் கேட்டார்: "மாப்ள, நாட்டுல எம்புட்டு ஊரு கெடக்கு, எல்லா ரூட்டும் ஏன்டா ஓசூர்லயே போயி முட்டுது?"

கப்பலூர் முதலாளி

போகிற வழியை எழுதினால் திரும்புகிற வழியும் அதிலேயே அடக்கம் என்று நினைத்து ஒரு தடவை விட்டுவிட்டேன். நம் வேலையில் அது தனி வரி, மறந்தால் தொலைந்தோம். கப்பலூரில் ஃபேக்டரியும் டவுனுக்குள் சரக்கு வைக்கக் கிட்டங்கியும் வைத்திருந்த ஒருவருக்குக் காலையிலிருந்து ஆர்டர் போகிறது, பதில் இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கோபப்படக்கூட இல்லை: "தம்பி, போனதெல்லாம் ஒழுங்காப் போயிருச்சு. திரும்பி ஒண்ணும் வரக் காணோமே."

ஞாயிற்றுக்கிழமை மதியம்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கவிதா வருவாள். மறுநாள் சோறு செரிக்கும் முன்னே ஆரப்பாளையத்தில் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். எனக்கு அந்த அரைமணி நேரம் ஆகவே ஆகாது. அழுதுவிடக் கூடாதே என்று வாய் ஓயாமல் பேசுவேன். கரூர் வழி போனால் இவ்வளவு நேரம், திருச்சி சுற்றினால் இவ்வளவு என்று அன்றைக்கும் ஆரம்பித்தேன். ஜன்னல் கம்பியில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வழி தெரியாமயா இருக்கு? போகத்தான் மனசு வரல."

கலந்தாய்வு

வருஷா வருஷம் இடமாறுதல் கலந்தாய்வுக்குப் போவாள். மதுரையில் ஒரு காலியிடம் கிடைத்தால் ஒரே வீட்டில் இருக்கலாம். எங்களுக்கு வேறு ஆசையே கிடையாது. இந்த வருஷமும் போன் வந்தது: இடம் இல்லை. "பரவாயில்ல, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றேன், போன வருஷம் சொன்ன அதே குரலில். அவள் கேட்டாள்: "நாலு வருசமா நான் அங்க வர்றதுக்கு மட்டும்தான் வழி பாக்குறீங்க. உங்க வேலைய எங்க உக்காந்தும் செய்யலாம்ல, நீங்க இங்க வந்தா என்ன?"

வழி கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவனுக்கு, இந்த ஒரு வழியை ஒரு டீச்சர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.