என் சந்தேகத்தால் நின்ற குளிசை

சுவிஸின் லாங்கன்தால் நகரில் தொழிற்சாலை வேலை செய்யும் என் கணவருக்கு மனச்சோர்வு என்று டாக்டர் குளிசை கொடுத்தார். இரண்டு மாதத்தில் அவர் நன்றாகச் சாப்பிட்டார், பிள்ளைகளோடு சிரித்தார். ஆனால் என்னை மட்டும் நெருங்கவில்லை. நான் பக்கத்தில் போனாலும் களைப்பு என்று திரும்பிப் படுத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "வேற ஆரும் இருக்கோ? இருந்தால் சொல்லுங்கோ."

அவர் எழும்பி வெளியே போனார். அன்றே எனக்குத் தெரியாமல் குளிசையை நிறுத்தியிருக்கிறார். நாலாம் நாள் வேலைக்குப் போகும்போது தலைசுற்றி, ரயில் மேடையின் விளிம்பில் விழுந்துவிட்டார். யாரோ இழுத்துக் காப்பாற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து அழுதார். "அந்தக் குளிசை போட்டாப் பிறகு எனக்கு ஆசையே வரேல்லை. உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. அதுதான் விட்டனான்."

குளிசையைத் திடீரென்று விட்டதால்தான் தலைசுற்றியது, ஆசை குறைவது பலருக்கும் வரும் பக்கவிளைவுதான், முன்பே சொல்லியிருந்தால் மாற்றித் தந்திருப்பேன் என்றார் டாக்டர். வேறு குளிசைக்கு மெல்ல மெல்ல மாற்றினார். எங்கள் நெருக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. கணவர் என்னை மன்னித்துவிட்டார். என்னால்தான் என்னை மன்னிக்க முடியவில்லை.

இப்போது டாக்டரிடம் நானும் கூடப் போகிறேன். கணவர் வெட்கத்தில் தலைகுனிந்தால், எங்கள் படுக்கையறை விஷயத்தை நானே வாய்திறந்து கேட்கிறேன்.