ஃபில்டர் மூடியில் தெரிந்த முகம்

காபி ஃபில்டரில் காபி வாசனை வருகிறது என்று புகார் எழுதிய ஆள் நான்தான். கிண்டலுக்கு எழுதவில்லை. பொறாமையில், முழு சீரியஸாக எழுதினேன்.

நொய்டாவில், பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஆப் ஒன்றில் எனக்கு வேலை. டெல்லித் தமிழர்களுக்கென்று அதில் ஒரு குழு உண்டு. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, புனைபெயரும் வாங்கியவர்கள் போடும் நட்சத்திர மதிப்பெண்ணும்தான். தகராறு வந்தால் தீர்த்துவைக்க ‘டிஸ்ப்யூட் டெஸ்க்’கில் நான் உட்கார்ந்திருந்தேன். தகராறுகளோ என்னைத் தாண்டி, ‘பித்தளைமாமி’ என்ற விற்பனையாளரிடம் போயின. அவர் மாமியா மாமாவா என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஆனாலும் நம்பினார்கள். எனக்கு நிஜப் பெயரும் சம்பளமும் இருந்தன, நம்பத்தான் ஆளில்லை.

டெல்லி முனிர்கா பகுதியில் தங்கியிருந்த மாணவர் ஒருவர் வாங்கிய மிக்ஸி ஓடவில்லை. நான் விதிப்படி பில், பார்சல் பிரித்த வீடியோ, இரு தரப்பு விளக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமி குழுவில் எழுதினார்: “தம்பி, வேற பிளக் பாயிண்ட்ல போட்டுப் பாத்தீங்களா?”

மிக்ஸி ஓடியது. “மாமி இருக்கறப்ப டெஸ்க் எதுக்கு?” என்று கேட்டார் மாணவர்.

அதையே என் மேலாளரும் கேட்டார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். “அங்கிள், உங்ககிட்ட கேஸே வரல. ஒரு மாசம் பாப்போம். இல்லன்னா டெஸ்க்க மூடிடலாம்.”

அன்றே போலிப் பெயரில் மாமியிடம் ஒரு பித்தளை ஃபில்டர் வாங்கினேன். குறை கண்டுபிடித்து, என் டெஸ்க்குக்கு நானே ஒரு கேஸ் தயாரிப்பது என்பது திட்டம். ஆனால் மாமிக்கு ஒரு வழக்கம்: எதை விற்றாலும் அதன் குறைதான் முதல் படம். ஃபில்டரின் நசுங்கலை அவரே பெரிதாகப் போட்டிருந்தார். எனக்கு மிஞ்சியது வாசனை மட்டுமே. வீடியோவோடு குழுவில் புகாரைப் போட்டேன்.

மாமியிடமிருந்து தனிச்செய்தி வந்தது: “சார், மூடியில உங்க மொகமும் கழுத்துல தொங்கற ஆபீஸ் கார்டும் பளிச்சுன்னு தெரியறது. அவ்வளவு தேச்சது என் தப்பு. யாராவது பாக்கறதுக்குள்ள வீடியோவ எடுத்துடுங்கோ. ஃபில்டர் பிடிக்கலன்னா திருப்பி அனுப்பிடுங்கோ.”

வீடியோவை மட்டும் நீக்கிவிட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த மூடியைப் பெரிதாக்கிக் குழுவுக்கே காட்டியிருப்பேன். பொறாமை இன்னும் கூடியது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: முகம் தெரியாத வியாபாரத்தில் உங்கள் குறையை முதலில் காட்டுங்கள், அடுத்தவர் குறையைக் கடைசிவரை காட்டாதீர்கள்.

குறைதான் முதல் படம் என்பதை எல்லோருக்கும் விதியாக்கலாம் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். யோசனை மாமியுடையது என்றும் எழுதினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அச்சா ஐடியா, அங்கிள்! இத கவனிக்க உங்க டெஸ்க் இருக்கட்டும்.”

நிம்மதியாக எழுந்தேன். அவர் கூப்பிட்டு நிறுத்தினார்.

“மொதல்ல ஒண்ணு பண்ணுங்க. காபி ஃபில்டர்ல காபி வாசனை வருதுன்னு ஒரு லூசு மாமிகிட்ட சண்டைக்குப் போயிருக்கான். அவன ஜல்தி பிளாக் பண்ணுங்க.”